வயலுக்கும் மாரிக்கும் நடுவே: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஆலயத்துக்கு வருகிறவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தினமும் வேதம் வாசியுங்கோ, ஜெபம் பண்ணுங்கோ." எத்தனை மணிக்கு, எந்தப் புத்தகத்திலிருந்து, எவ்வளவு நேரம், வீட்டில் இருப்பதே ஓர் அறைதான் என்றால் எங்கே இருந்து என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. தட்டுத்தடுமாறித்தான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் போனில் வரும் பிரசங்கங்கள் சொல்லும் நேர அட்டவணை, விடிய வயலுக்கும் கடலுக்கும் கார்மென்ட்சுக்கும் போகிற நமக்குப் பொருந்தாது. நான் புரட்டஸ்தாந்து சபை ஒன்றைச் சேர்ந்தவன். கத்தோலிக்கருக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

1. முதலில் நேரம்

மணிக்கூட்டைப் பார்த்து நேரம் வைக்காதீர்கள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்து வையுங்கள். அடுப்பில் உலை வைத்த பிறகு, கிணற்றடியில் முகம் கழுவி வந்த பிறகு, கார்மென்ட்ஸ் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு நிற்கும்போது, கடலால் வந்து வலையைக் காயப்போட்ட பிறகு என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த வேலை நடந்தால் ஜெபமும் நடக்கும்.

பலர் விழுகிற பொறி, விடிய நாலு மணி. இயேசு அதிகாலையில் எழுந்து தனியே ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வது உண்மைதான். ஆனால் தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார் (தானியேல் 6:10). அந்தி, சந்தி, மத்தியானம் மூன்றையும் சொல்கிறது 55ஆம் சங்கீதம். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு நாலு மணி படுக்கும் நேரம். அவர் எழும்பிய பிறகு, மத்தியானத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதில் குறைவு எதுவும் இல்லை.

வயல் செய்கிறவர்கள் வருடத்தை இரண்டாகப் பிரித்து யோசியுங்கள். காலபோக விதைப்பு ஐப்பசியில் தொடங்கினால் மாசி, பங்குனி வெட்டு முடியும்வரை உங்கள் நாள் உங்கள் கையில் இல்லை. பன்றியும் யானையும் வராமல் காவல் கொட்டிலில் படுக்கிற நாட்களில் காலை நேரம் சரிவராது. இரவு நேரம் சரிவரும். ரோர்ச்சை அணைத்துவிட்டு, மனப்பாடமான ஒரு சங்கீதத்தைச் சொல்லி ஜெபியுங்கள். 23ஆம் சங்கீதம் ஆறே வசனம். ஒரு வாரத்தில் பாடமாகும்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம். வாசிக்க ஐந்து, ஜெபிக்க ஐந்து. ஆர்வம் பொங்கினாலும் முதல் இரண்டு மாதத்துக்குக் கூட்ட வேண்டாம். முதல் வாரம் ஒரு மணித்தியாலம் இருந்தவர்கள் மூன்றாம் வாரத்தில் முழுதாக விட்டுவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2. இடமும் துணையும்

அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்கிறது மத்தேயு 6:6. ஓர் அறை வீட்டில் அது நடக்காது. விறாந்தைக் கதிரை, பின்வளவு மாமரத்தடி, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துத் திண்ணை, எதுவானாலும் சரி. எப்போதும் அதே இடமாக இருக்கட்டும். "நான் இதில் இருக்கும்போது பத்து நிமிடம் கூப்பிடாதையுங்கோ" என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போனை வேறு இடத்தில் வையுங்கள். போனிலேயே வேதம் வாசிக்கிறீர்கள் என்றால் டேட்டாவை நிறுத்திவிட்டு வாசியுங்கள்.

அப்புறம் துணை. உங்கள் சபையில் ஒருவரை, ஒரே ஒருவரை, கேளுங்கள்: "கிழமைக்கு ஒருநாள் என்ன வாசித்தேன் என்று என்னிடம் விசாரிப்பீங்களா?" பெண்கள் பெண்ணையும் ஆண்கள் ஆணையும் கேட்பது நல்லது, ஊர்வாய்க்கு இடம் கொடுக்க வேண்டாம். உங்களைவிட வயதில் மூத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் ஜெபக் குழுக்கள் இந்த இடத்தை நிரப்பாது. நாளுக்கு நூறு செய்தி வரும், உங்களைப் பெயர் சொல்லிக் கேட்க ஒருவர் இருக்கமாட்டார்.

3. வேதாகமம்: எதை எடுப்பது, எங்கே தொடங்குவது

புரட்டஸ்தாந்து சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்கிறார்கள். அதில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கர் பயன்படுத்துவது 1995இல் வந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு, அதில் 73. வாங்குவதற்கு முன் உங்கள் ஆலயத்தில் எதை வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் ஆரம்பத்தில் கடினமாக இருந்தால், எளிய தமிழ்ப் பதிப்பு ஒன்றை வீட்டில் வைத்து வாசித்து விளங்கிக்கொண்டு, ஆலயத்தில் பழையதைப் பின்தொடரலாம்.

செலவைப் பற்றி: காசு கொடுத்து வாங்குவதற்கு முன் போதகரிடம் கேளுங்கள். இலவசமாகக் கொடுக்கவென்று சில பிரதிகளைச் சபைகள் வைத்திருப்பதுண்டு. வாங்குவதானால் தோல் அட்டை, தங்க விளிம்பு தேவையில்லை. எழுத்தின் அளவுக்குத்தான் காசைக் கொடுங்கள். குப்பி விளக்கிலோ சின்ன எல்ஈடி பல்பிலோ வாசிக்கிறவருக்குப் பொடி எழுத்து ஒரு மாதத்தில் வெறுத்துப்போகும். போனில் இலவச ஆப்கள் இருக்கின்றன. பலவற்றில் தமிழ் வேதாகமத்தை ஒருமுறை இறக்கி வைத்தால் பிறகு டேட்டா இல்லாமல் வாசிக்கலாம். எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒலி வேதாகமம் உண்டு.

புத்தகத்தைப் பாதுகாப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஓர் அம்மம்மா தன் வேதாகமத்தைப் பழைய சீலைத் துண்டில் சுற்றி, அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, வாய்ப்பக்கத்தை இறப்பர் வளையத்தால் கட்டி, சுவரில் படாமல் அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார். கிழமைக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் காற்றில் விரித்து வைப்பார். மாரியின் ஈரமும் கறையானும் இங்கே ஒரே பருவத்தில் ஒரு புத்தகத்தை முடித்துவிடும். அவரிடம் பார்த்துத்தான் நானும் படித்தேன்.

எங்கே தொடங்குவது? ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் ஏராளம். மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்றால் இரண்டரைக் கிழமை. அதிகாரம் பெரிதாக இருந்தால் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடருங்கள். பிறகு யோவான், 21 அதிகாரம். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரம், ஏறக்குறைய மூன்று மாதம். அதன் பிறகு அப்போஸ்தலர் நடபடிகள், கூடவே சங்கீதங்கள். நீதிமொழிகள் 31 அதிகாரம் என்பதால் மாதத்தின் திகதியைப் பார்த்து அன்றைய அதிகாரத்தை வாசிக்கலாம். ஒருநாள் தவறினாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம்.

முழு வேதாகமத்தையும் ஒரு வருடத்தில் முடிக்கும் திட்டங்கள் நல்லவைதான். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டிவரும். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு 80 பக்கக் கொப்பியும் பேனையும் வேண்டும். ஒரு நாளுக்கு மூன்று வரி போதும்: திகதியும் அதிகாரமும், மனதில் நின்ற ஒரு வசனம், விளங்காத ஒன்று. அந்த மூன்றாவது வரிதான் முக்கியம். அந்தக் கேள்விகளைச் சேர்த்து வைத்துப் போதகரிடம் கேளுங்கள். கேள்வி கேட்பதை விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள். பெரோயா ஊரார் அப்போஸ்தலன் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைப் பாராட்டுகிறது (அப்போஸ்தலர் 17:11).

4. ஜெபம்: வார்த்தை வராத நாட்களுக்கும் சேர்த்து

கூட்டத்தில் சரளமாக ஜெபிக்கிறவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தையே (மத்தேயு 6:9-13) சட்டமாக வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று, உங்கள் நாளை அதில் சொல்லுங்கள். அன்றன்றுள்ள அப்பம் என்ற இடத்தில் அரிசி, பசளை, பிள்ளையின் ரியூசன் காசு. மன்னிப்பு என்ற இடத்தில் வேலிப் பிரச்சினையில் கோபமாக இருக்கிற அயல்வீட்டுக்காரர். ஐந்து நிமிடம் தானாக நிரம்பும்.

கத்தோலிக்கருக்குச் செபமாலை இருக்கிறது. முழுதாகச் சொல்ல ஏறக்குறைய இருபது நிமிடம். முதலில் மாலையின் ஒரு பத்து மணிகளை மட்டும் சொல்லுங்கள். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயர், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி என்பது, சொல்லும்போது தியானிக்கிற மறைபொருள்களின் ஒழுங்கு.

இனி, இந்த மண்ணில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று. நம்மில் பலருடைய வீட்டில் 2009க்குப் பிறகு திரும்பி வராத ஒருவர் இருக்கிறார். ஜெபிக்க உட்கார்ந்தால் முதலில் வருவது அந்த முகம்தான். ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராது. அப்படியான நாளில் சந்தோஷப் பாட்டைப் பாடித் தன்னை வற்புறுத்த வேண்டாம். 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று அது கடவுளிடமே கேட்கிறது. 22ஆம் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளை இயேசு சிலுவையில் சொன்னார். 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை இருளில்தான் நிற்கிறது, ஆறுதல் வரி ஒன்றும் சேர்க்கப்படவில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது, அதுவும் ஜெபம்தான். அழுதுகொண்டு அதை வாசித்து ஆமென் சொன்னால் அன்றைய ஜெபம் முடிந்தது.

"உனக்கு விசுவாசம் காணாது, அதுதான் அவர் வரவில்லை" என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால், ஜெபத்தோடு வைத்தியரிடமும் போங்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மருந்து எடுப்பது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல.

5. ஞாயிறு ஆராதனை

துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற உட்பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. பஸ்ஸை நம்பாமல், அதே பாதையில் ஆலயம் போகிற குடும்பம் ஒன்றோடு சனிக்கிழமையே பேசி வையுங்கள். பெற்றோலுக்குப் பங்கு கொடுக்க மறக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் ரியூசன் வைத்தால், ஆசிரியரிடம் போய் வேறு நேரம் கேளுங்கள். மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் மாற்றிக் கொடுக்கக்கூடும்.

முழு இரவு ஜெபம், விடியற்காலை ஜெபம் என்று கூப்பிடுவார்கள். காட்டுக்கரைப் பாதையில் யானை நடமாட்டம் அந்தியிலும் விடியலிலும் அதிகம். தனியாகச் சைக்கிளில் போகாதீர்கள். இரவு போனால் வெளிச்சம் வந்த பிறகு திரும்புங்கள். மாரியில் பாதை தண்ணீருக்குள் போனால் அயல்வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து வீட்டிலேயே வாசித்து ஜெபியுங்கள்.

6. உபவாசம்

ஒரு வேளையில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டை விட்டு, அந்த நேரத்தில் ஜெபித்து, மத்தியானம் சாப்பிடுங்கள். தண்ணீர் குடியுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் வயலிலோ வீதி வேலையிலோ நிற்கிற நாளில் உபவாசம் வேண்டாம். வேலை இல்லாத நாளுக்கு மாற்றுங்கள். சீனி வருத்தம், பிரஷர், அல்சர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சாப்பாட்டை விடக்கூடாது. குளிசையை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள். அவர்கள் போனையோ நாடகத்தையோ ஒருநாள் விடலாம்.

கத்தோலிக்கருக்கு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள். 18 வயதிலிருந்து 59 வரை நோன்பு, 14 வயதிலிருந்து இறைச்சி தவிர்த்தல். திருப்பலியில் நற்கருணை வாங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னிருந்து உணவு தவிர்க்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை.

உபவாசம் முடிந்ததும் அந்த வேளையின் சாப்பாட்டுக் காசை ஒரு டப்பாவில் போடுங்கள். பசியானவனோடு அப்பத்தைப் பகிர்வதே உபவாசம் என்கிறது ஏசாயா 58. அந்தக் காசு அதற்குத்தான்.

7. காணிக்கையும் தசமபாகமும்

அதிகம் குழம்புகிற இடம் இதுதான், அதிகம் ஏமாறுகிற இடமும் இதுதான்.

தசமபாகம் என்றால் வரவில் பத்திலொன்று. மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு எளிது. நாட்கூலிக்காரர் அன்றன்று ஒதுக்க வேண்டும். 2,500 ரூபா கிடைத்தால் பத்திலொன்று 250. கிழமை முடிவில் ஒதுக்கலாம் என்றால் மிஞ்சாது. வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கபடி சேர்த்து வைக்கும்படி பவுல் எழுதியதும் (1 கொரிந்தியர் 16:2) இப்படி முதலிலேயே ஒதுக்கி வைப்பதைத்தான். வயல்காரருக்கு வரவு வெட்டுக்குப் பிறகு ஒரே தடவையில் வரும். நெல் விற்ற மொத்தக் காசையும் வரவாக எடுக்காதீர்கள். விதைநெல், உழவு, பசளை, எண்ணெய், வெட்டு மெஷின் கூலி, குத்தகை எல்லாம் கழித்து 80,000 ரூபா மிஞ்சுகிறது என்றால் அதில் 8,000. அதையும் ஒரே நாளில் கொடுக்காமல் அடுத்த போகம் வரை ஆறு உறையாகப் பிரித்து வையுங்கள். மொத்தத்தில்தான் கொடுக்க வேண்டும் என்கிறவர்களும் உண்டு. என் அபிப்பிராயம், கடைக்காரருக்குப் போக வேண்டிய பசளைக் காசு உங்கள் வருமானம் அல்ல.

நுண்கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். சீட்டுக்காசை எடுத்தும் போடாதீர்கள். பத்திலொன்று முடியாவிட்டால் முடிந்ததைப் போடுங்கள். ஏழை விதவையின் இரண்டு காசை இயேசு கவனித்தார். காசு இல்லாத மாதத்தில் ஆலய வளவைக் கூட்டலாம், ஒரு கொத்து அரிசி கொடுக்கலாம்.

போனில் "இவ்வளவு அனுப்பினால் கடன் தீரும், இந்த எண்ணுக்கு வைப்பிலிடுங்கள்" என்று யார் சொன்னாலும் அனுப்ப வேண்டாம். கணக்கு வாசிக்கிற, பற்றுச்சீட்டுக் கொடுக்கிற உங்கள் சபைக்கே கொடுங்கள்.

8. வீட்டார்

சைவக் குடும்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது தனிச் சோதனை. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் வந்தால் வீடு முழுக்க அதே பேச்சாக இருக்கும். அன்று சண்டை பிடிக்காதீர்கள். வந்த சொந்தக்காரருக்குத் தேத்தண்ணி போடுங்கள், பாத்திரம் கழுவுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள். படைத்த சாப்பாடு பற்றிய கேள்வி வந்தால் ரோமர் 14ஐயும் 1 கொரிந்தியர் 8ஐயும் வாசித்து, போதகரிடம் கலந்து முடிவெடுங்கள். அம்மாவின் சுவாமி அறையில் கை வைக்காதீர்கள். ஜெபம் தொடங்கிய பிறகு நீங்கள் வீட்டில் கத்துவது குறைந்ததா என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

9. விட்டுப்போனால்

காய்ச்சல், பிள்ளைப்பேறு, வெள்ளம், வெட்டு என்று ஏதாவது வந்து பழக்கம் அறுந்துபோகும். விட்ட நாட்களின் வாசிப்பைச் சேர்த்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள். அன்றைய திகதியைப் போட்டு அடுத்த அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நின்றுபோனால் உங்கள் துணைக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

10. பத்திரங்கள்

ஞானஸ்நானத்துக்குப் பொதுவாகப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும் தேசிய அடையாள அட்டைப் பிரதியும் கேட்பார்கள். குழந்தைக்கு என்றால் பெற்றோரின் விவாகப் பதிவுப் பிரதியும் ஞானப் பெற்றோரின் விபரமும் கேட்கலாம். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அதைக் கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள். ஆயத்த வகுப்பு சபைக்குச் சபை வேறுபடும். கத்தோலிக்கத்தில் வயதுவந்தோருக்குத் திருமுழுக்கு வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவில் கொடுக்கப்படுவதால், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும்.

இடப்பெயர்வில் ஞானஸ்நானச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் இங்கே நிறையப் பேர். முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தின் பதிவேட்டில் பாருங்கள். பெயர், பெற்றோர் பெயர், ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதிக்கொண்டு போங்கள். தேடுகிறவருக்கு அது பெரிய உதவி. பதிவேடும் அழிந்திருந்தால், கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி நம்பத்தக்க ஒரு சாட்சி போதும். வயதுவந்தபின் பெற்றவரானால் அவருடைய சத்தியமே போதும். எனவே ஞானப் பெற்றோரோ ஊர்ப் பெரியவரோ உயிரோடு இருக்கும்போதே கடிதம் எழுதி வாங்கி வையுங்கள். மற்றச் சபைகளில் போதகரிடம் கேட்டு அங்குள்ள முறைப்படி செய்யுங்கள். கத்தோலிக்கத் திருமணத்துக்குப் பழைய சான்றிதழ் செல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய பிரதி கேட்பது வழக்கம்.

வேலைக்காகவோ கலியாணம் கட்டியோ வேறு ஊர் போகிறவர்கள் புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் சபையில் அறிமுகக் கடிதம் கேளுங்கள். சான்றிதழ்களைப் போனில் படம் பிடித்து, இன்னொருவருடைய போனுக்கும் அனுப்பி வையுங்கள். அசல்களை லமினேட் செய்யாதீர்கள். பின்பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டி வந்தால் முடியாமல் போகும். பொலித்தீன் உறையில் போட்டு வைத்தால் போதும்.